சின்ன டீமுக்கு டேட்டாபேஸ் டூல்: காசு கொடுக்கும் முன் சோதித்துப் பார்க்கும் வழி

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருளை நடத்தும் இடங்களில் டேட்டாபேஸுக்கென்று தனியாக ஆள் இருப்பதில்லை. பேக்எண்ட் எழுதுகிறவரே அதையும் பார்த்துக்கொள்வார். வாடிக்கையாளர்கள் கூடக் கூட, ஒருநாள் பில் பக்கம் திறக்க எட்டு வினாடி ஆகும். இன்னொரு நாள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், "எங்கள் விவரங்களை உங்கள் ஆட்களில் யார் யார் பார்த்தார்கள் என்று காட்ட முடியுமா?" என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார். அப்போதுதான் வேகத்தையும் பாதுகாப்பையும் கண்காணிக்க ஒரு டூல் வாங்கலாமா என்ற பேச்சு ஆரம்பிக்கும்.

அதன்பிறகு வழக்கமாக நடப்பது இது: நாலு டூலின் இணையதளத்தைத் திறந்து, வசதிகளை எக்செல்லில் வரிசையாகப் போட்டு, டெமோ கேட்டு, திரை அழகாக இருக்கும் ஒன்றை வாங்கிவிடுவார்கள். டெமோவில் ஓடுவது விற்கிறவர்களின் டேட்டாபேஸ். அதில் என்ன கோளாறு இருக்கிறது, அது திரையில் எந்த மூலையில் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். உங்கள் டேட்டாபேஸில் இருக்கும் கோளாறு அந்த டூலின் கண்ணில் படுமா என்று அந்த டெமோவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே நான் சொல்லும் வழி வேறு. டேட்டாபேஸின் நகல் ஒன்றில் நீங்களே தெரிந்தே சில கோளாறுகளை உண்டாக்குங்கள். டூல் அவற்றைப் பிடிக்கிறதா, யாரிடம் சொல்கிறது, சொன்னதை வைத்துச் சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். எடுத்துக்காட்டுகளுக்கு இங்கே போஸ்ட்கிரஸ் (PostgreSQL) என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான், பெயர்கள் மட்டும் மாறும்.

1. முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

எந்த டூலின் பக்கத்தையும் திறக்கும் முன் ஒரே ஒரு தாளில் உங்கள் நிலவரத்தை எழுதிவிடுங்கள். டேட்டாபேஸ் எத்தனை ஜிபி, எந்த வெர்ஷன், சொந்த சர்வரிலா கிளவுடிலா, கடைசி மூன்று மாதத்தில் எதெல்லாம் மெதுவானது, வெளியே போனால் யாருக்குப் பாதிப்பு வரும் விவரங்கள் எந்தெந்த டேபிளில் இருக்கின்றன, ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் யார் எழுந்து பார்ப்பார். இவ்வளவுதான்.

கடைசிக் கேள்விக்குப் பெயர் எழுத முடியாத டீம்கள் நிறைய உண்டு. பெயர் இல்லையென்றால் நொடிக்கு நொடி கண்காணிக்கும் விலை உயர்ந்த டூல் உங்களுக்கு இப்போது தேவையில்லை. வாரம் ஒருமுறை உட்கார்ந்து படிக்கும் அறிக்கையே போதும். வெர்ஷன் எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் ஐந்து ஆண்டுதான் ஆதரவு. அதைத் தாண்டிய வெர்ஷனில் ஓடிக்கொண்டிருந்தால், பாதுகாப்பு டூலுக்கு ஒதுக்கிய நேரத்தை முதலில் அப்கிரேடுக்குக் கொடுங்கள்.

2. ஏற்கெனவே கையில் இருப்பதை ஓடவிடுங்கள்

காசு கொடுத்து வாங்கும் டூல்கள் பலவும் போஸ்ட்கிரஸே தரும் கணக்கை எடுத்து அழகாக வரைந்து காட்டுகின்றன. அந்தக் கணக்கு உங்களுக்கும் இலவசமாகவே கிடைக்கும். இதைப் பழகிக்கொண்டால்தான் ஒரு டூல் கூடுதலாக என்ன தருகிறது என்று உங்களால் மதிப்பிட முடியும்.

போஸ்ட்கிரஸோடு வரும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனிலிருந்து (கூடுதல் வசதி சேர்க்கும் துணைத் துண்டு) ஆரம்பியுங்கள். கான்ஃபிக் கோப்பில் ஷேர்ட்_பிரீலோட்_லைப்ரரீஸ் என்ற வரியில் அதன் பெயரைச் சேர்த்து, சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, கிரியேட் எக்ஸ்டென்ஷன் கொடுத்தால் சரி. ஒவ்வொரு குவெரியும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி அல்லது கட்டளை) எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது, சராசரி என்ன என்று எண்ணத் தொடங்கிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் சராசரி நேரத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். 9 வினாடி எடுக்கும் ஒரு ரிப்போர்ட் நாளைக்குப் பத்து முறை ஓடினால் மொத்தம் 90 வினாடி. 3 மில்லிசெகண்ட் எடுக்கும் ஒரு சின்ன குவெரி நாளைக்கு 2 லட்சம் முறை ஓடினால் 600 வினாடி. சர்வரை அதிகம் அழுத்துவது இரண்டாவதுதான், ஆனால் யாரும் அதைப் பற்றிப் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் என்ற அமைப்பு. இது இயல்பாக அணைந்தே இருக்கும். 500 மில்லிசெகண்ட் என்று வைத்தால் அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு குவெரியும் லாக்கில் (சர்வர் எழுதும் பதிவுக் கோப்பு) விழும். இதற்கு ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் போதும். அந்த லாக்கைப் பிஜிபேட்ஜர் என்ற இலவச டூலிடம் கொடுத்தால் பிரவுசரில் திறந்து படிக்கும் அறிக்கையாக மாற்றிவிடும்.

பாதுகாப்புப் பக்கத்திலும் எந்த டூலும் இல்லாமல் ஒரு மாலையில் பார்த்துவிடக்கூடியவை இருக்கின்றன. போஸ்ட்கிரஸின் 5432 போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கிறதா? யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில் டிரஸ்ட் என்று முடியும் வரி ஏதாவது இருக்கிறதா? அந்த வரி பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும். அப்ளிகேஷன் எந்த ரோலில் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) நுழைகிறது? எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசரில் என்றால் அதை இன்றே மாற்ற வேண்டும்.

பாஸ்வேர்ட் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 2021இல் வந்த 14ஆம் வெர்ஷனிலிருந்து பாஸ்வேர்டைச் சேமிக்க ஸ்கிராம் என்ற வலுவான முறைதான் இயல்பு. ஆனால் பழைய வெர்ஷனிலிருந்து அப்கிரேட் ஆன டேட்டாபேஸில், எம்டி5 என்ற பலவீனமான முறையில் வைத்த பழைய பாஸ்வேர்டுகள் மாற்றும்வரை அப்படியே கிடக்கும். டேபிள்கள் இயல்பாகப் போய்ச் சேரும் பப்ளிக் ஸ்கீமாவும் அதே கதைதான். யார் வேண்டுமானாலும் அதில் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய தாராளத்தை 2022இல் 15ஆம் வெர்ஷன் நிறுத்தியது, ஆனால் அது புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்குத்தான். அப்கிரேட் செய்தவர்கள் கையால் மூட வேண்டும்.

2017 ஜனவரியில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் துடைத்தெடுக்கப்பட்டு, பணம் கேட்டுக் குறிப்பு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. அதில் பெரிய தொழில்நுட்ப வித்தை எதுவும் இல்லை. பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தைப் பார்த்தபடி திறந்து கிடந்தவைதான் அவை. இப்படிப்பட்ட கதவை மூடுவதற்கு எந்த டூலும் வாங்கத் தேவையில்லை.

3. சோதனைக்கு ஒரு நகல்

நேராக புரொடக்ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ டேட்டாபேஸில்) டூலை ஏற்றாதீர்கள். பேக்கப்பிலிருந்து ஒரு நகல் எடுத்துத் தனி சர்வரில் வையுங்கள். உங்கள் பேக்கப் உண்மையில் திரும்ப வருகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். பெயர், போன் நம்பர், ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்றவற்றைப் போலி மதிப்புகளாக மாற்றிவிடுங்கள்.

ஆனால் வரிகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். 500 வரி உள்ள டேபிளில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருந்தாலும் போஸ்ட்கிரஸ் பெரும்பாலும் முழு டேபிளையும் படித்துவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அதுவே வேகம். 50 லட்சம் வரியில் வரும் தொல்லை அங்கே வெளிப்படாது. நிஜத்தில் இருக்கும் அளவு நகலிலும் இருந்தால்தான் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

4. வேகத்தைக் கெடுக்கும் கோளாறுகளை விதையுங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். டூல்களுக்கிடையே வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான்.

முதல் சோதனை: வாடிக்கையாளர் டேபிளில் மின்னஞ்சல் நெடுவரிசைக்கு (column) ஒரு சாதாரண இண்டெக்ஸ் போடுங்கள். பிறகு அந்த நெடுவரிசையை லோயர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு, சின்ன எழுத்தாக மாற்றித் தேடும் குவெரி ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். லாகின் பக்கங்களில் இப்படி எழுதுவது மிகச் சகஜம். குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கொடுத்துப் பார்த்தால் சீக்வென்ஷியல் ஸ்கேன் என்று வரும், அதாவது இண்டெக்ஸைத் தொடவே இல்லை. லோயர் போட்ட வடிவத்துக்கே தனியாக ஓர் இண்டெக்ஸ் உருவாக்குவதுதான் இதற்குச் சரியான தீர்வு.

இப்போது டூல் என்ன சொல்கிறது? சில டூல்கள் "இந்தக் குவெரி மெதுவாக இருக்கிறது" என்பதோடு நின்றுவிடும். சில, ஏற்கெனவே இருக்கும் இண்டெக்ஸையே மறுபடி போடச் சொல்லும். எக்ஸ்பிளெய்ன் திட்டத்தைக் காட்டி, இண்டெக்ஸ் ஏன் பயன்படவில்லை என்று நீங்களே புரிந்துகொள்ளும் அளவுக்கு வழிகாட்டும் டூல்தான் உங்களுக்கு வேண்டியது. டேட்டாபேஸ் நிபுணர் இல்லாத டீமில் டூல் பாதி ஆசிரியர் வேலையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை பூட்டு. ஒரு ஜன்னலில் டிரான்ஸாக்ஷன் ஆரம்பித்து ஓர் ஆர்டரின் வரியை அப்டேட் செய்துவிட்டு, கமிட் கொடுக்காமல் (முடித்து உறுதிசெய்யாமல்) விட்டுவிடுங்கள். இன்னொரு ஜன்னலில் அதே வரியை அப்டேட் செய்ய முயலுங்கள். அது அப்படியே நிற்கும். நிஜ வாழ்க்கையில் "சைட் திடீரென்று தொங்கிவிட்டது" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகை. தொங்கி நிற்பவர் யார் என்பதைப் பெரும்பாலான டூல்கள் காட்டும். யார் அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார், அவர் எந்த ரோல், எந்த ஐபியிலிருந்து வந்தவர், எத்தனை நிமிடமாக டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதையும் டூல் காட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எத்தனை கிளிக் ஆகிறது என்றும் பாருங்கள். கோளாறு நடக்கும் நேரத்தில் யாருக்கும் மெனுவைத் தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது.

மூன்றாவது, ஒரு ஆர்டர் பட்டியல் பக்கத்தைத் திறக்கும்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக வாடிக்கையாளர் பெயரைக் கேட்கும் நிரல் (code). ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெகண்ட்தான் என்பதால் மெதுவான குவெரி லாக்கில் வராது. மொத்த எண்ணிக்கையை வைத்துப் பார்க்கும் டூலில்தான் தெரியும்.

கனெக்ஷன் எண்ணிக்கையையும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். இயல்பான உச்சவரம்பு 100. ஒரு சின்ன ஸ்கிரிப்டில் 90 கனெக்ஷன் திறந்து வையுங்கள். நூறைத் தொட்ட பிறகு அலர்ட் வந்து பிரயோஜனமில்லை, அதற்குள் அப்ளிகேஷனே நுழைய முடியாமல் போயிருக்கும்.

இன்னொரு விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வேன். பல டூல்கள் "பயன்படாத இண்டெக்ஸ், நீக்கிவிடலாம்" என்று பட்டியல் தரும். பிரதான சர்வரின் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்கிறதா, ரெப்ளிகாவையும் (அதன் நேரடி நகல் சர்வர்) சேர்த்துப் பார்க்கிறதா? ரிப்போர்ட்டுகள் ரெப்ளிகாவில் ஓடினால் அங்கே பயன்படும் இண்டெக்ஸ் பிரதானத்தில் பூஜ்யமாகத் தெரியும். மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது மட்டும் தேவைப்படும் இண்டெக்ஸும் மற்ற பதினோரு மாதம் சும்மாதான் இருக்கும். ஒரு மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்று காவல் காக்கும் யூனிக் இண்டெக்ஸையும் யாரும் தேடப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் எச்சரிக்காமல் நீக்கு என்று சொல்லும் டூலின் மற்ற ஆலோசனைகளையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

5. பாதுகாப்புக் கோளாறுகள்

இதுவும் அதே நகல் சர்வரில்தான். ஒரு நிமிடத்துக்குள் இருபது முறை தப்பான பாஸ்வேர்ட் கொடுத்துப் பாருங்கள். போஸ்ட்கிரஸ் ஒவ்வொன்றையும் லாக்கில் எழுதும், டூல் அதைப் படித்து அலர்ட் அனுப்புகிறதா என்பதே கேள்வி. அடுத்து, புதிதாக ஒரு சூப்பர்யூசர் ரோல் உருவாக்குங்கள். வாடிக்கையாளர் டேபிளைப் படிக்கும் உரிமையைப் பப்ளிக்குக்கு, அதாவது எல்லா ரோலுக்கும், கொடுங்கள். இந்த இரண்டும் புரொடக்ஷனில் நடந்தால் அன்றைக்கே தெரிய வேண்டியவை.

பிறகு, டெவலப்பர் ஒருவரின் ரோலில் வாடிக்கையாளர் டேபிள் முழுவதையும் வெளியே எடுங்கள். எப்போது, எந்த ரோல், எந்த ஐபி, எந்த டேபிள் ஆகிய நாலுக்கும் டூலில் பதில் கிடைக்கிறதா? பெரிய வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சல் கேட்டதும் இதைத்தான். வெறும் வேகக் கணக்கை மட்டும் படிக்கும் டூலால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. போஸ்ட்கிரஸில் இதற்குப் பிஜிஆடிட் என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும். பெரிய கிளவுட் சேவைகளும் அதை அனுமதிக்கின்றன. அதில் எல்லாவற்றையும் பதிவு செய் என்று வைத்தால் லாக் வெள்ளமாகப் பெருகி டிஸ்க் நிரம்பிவிடும். ரோல் மாற்றங்கள், டேபிள் அமைப்பு மாற்றங்கள் இவற்றை எங்கும் பதிவு செய்துவிட்டு, படிப்பதைப் பதிவு செய்வதை மட்டும் முக்கியமான இரண்டு மூன்று டேபிள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் டீமில் எல்லோரும் ஒரே ரோலில், ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் எவ்வளவு விலையுள்ள டூலாலும் "யார்" என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு ரோல் கொடுக்கும் வேலையை டூல் வரும் முன்பே முடித்துவிட வேண்டும்.

கடைசியாக, பதிவையே அணைத்துப் பாருங்கள். சூப்பர்யூசராக நுழைந்து பிஜிஆடிட் பதிவை நிறுத்துங்கள். திருட வருகிறவர் முதலில் செய்யக்கூடியது இதுதான். பதிவு நின்றுபோனதை டூல் கவனித்துச் சொன்னால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். லாக்குகள் அதே சர்வரிலேயே கிடக்கின்றனவா, உடனுக்குடன் வேறு இடத்துக்குப் போகின்றனவா என்பதையும் பாருங்கள். உள்ளே வந்தவர் அழித்துவிடக்கூடிய லாக்கை நம்பிப் பயனில்லை.

6. டூலுக்கு என்ன சாவி கொடுக்கிறோம்?

காவலுக்கு வைக்கும் ஆளிடம் வாசல் சாவியைக் கொடுப்போம், பீரோ சாவியைக் கொடுக்க மாட்டோம். போஸ்ட்கிரஸில் 10ஆம் வெர்ஷனிலிருந்து பிஜி_மானிட்டர் என்ற ரோல் இருக்கிறது. கண்காணிப்புக்குத் தேவையான கணக்குகளைப் படிக்கலாம், உங்கள் டேபிள்களில் உள்ள விவரங்களைப் படிக்க முடியாது. ஒரு டூல் சூப்பர்யூசர் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். தெளிவான காரணம் வரவில்லையென்றால் அடுத்த டூலுக்குப் போய்விடலாம்.

பிஜி_மானிட்டர் கொடுத்தாலும் ஒரு கசிவு வழி இருக்கிறது. பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் பொதுவாகக் குவெரியில் உள்ள மதிப்புகளை எடுத்துவிட்டு டாலர் குறியும் எண்ணும் போட்டு வைக்கும். ஆனால் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகளின் பட்டியலிலும், மெதுவான குவெரி லாக்கிலும், குவெரிக்குள் நேராக எழுதிய போன் நம்பரும் பெயரும் அப்படியே இருக்கும். டூல் அவற்றை எடுத்துத் தன் கிளவுடுக்கு அனுப்பினால் உங்கள் வாடிக்கையாளரின் போன் நம்பர் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைச் சோதிப்பது சுலபம். எங்கேயும் இல்லாத ஒரு போலிச் சொல்லை, உதாரணத்துக்கு "மயில்சோதனை7788" என்று வைத்துக்கொள்ளுங்கள், குவெரியின் நிபந்தனையில் நேராக எழுதி, அது சில வினாடிகள் ஓடும்படி செய்யுங்கள். கொஞ்ச நேரம் கழித்து டூலின் திரைகளில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். கிடைத்தால் மதிப்புகளை மறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதைப் போட்டுவிட்டு இன்னொரு புதுச் சொல்லோடு மறுபடி தேடுங்கள். மறைப்பு உங்கள் சர்வரிலேயே நடக்கிறதா, அவர்களிடம் போன பிறகு நடக்கிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். போன பிறகுதான் என்றால் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு ரோலுக்குப் பாஸ்வேர்ட் மாற்றும் கட்டளையை நேரடியாக எழுதினாலும் அது லாக்கில் அப்படியே விழக்கூடும். போஸ்ட்கிரஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைத் திரையில் பாஸ்வேர்ட் மாற்றுவதற்கென்றே இருக்கும் கட்டளை, அதை மறைத்த வடிவில்தான் சர்வருக்கு அனுப்பும். அதையே பயன்படுத்துங்கள்.

இணைப்பின் திசையையும் பாருங்கள். சில சேவைகள் வெளியிலிருந்து உங்கள் டேட்டாபேஸுக்குள் வந்து படிக்கும். அதற்காக நீங்கள் ஃபயர்வாலைத் திறக்க வேண்டும். சில, உங்கள் சர்வரில் ஒரு ஏஜென்டை (சின்ன துணை நிரல்) வைத்து அங்கிருந்து வெளியே அனுப்பும். சின்ன டீமுக்கு இரண்டாவதே பத்திரம். சொந்த சர்வரில் நிறுவும் டூல் என்றால் அதன் லாகின் திரையை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். வரைபடத் திரைகள் தரும் கிராஃபானா முதலில் அட்மின், அட்மின் என்ற பெயரோடும் பாஸ்வேர்டோடும்தான் வரும், அதை மாற்றாமல் விட்டிருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

7. டூலே சுமையாகிறதா?

போஸ்ட்கிரஸோடு வரும் பிஜிபெஞ்ச் என்ற வேகச் சோதனை டூல் இதற்குப் போதும். ஸ்கேல் 100 என்று கொடுத்தால் 1 கோடி வரி உள்ள டேபிளை அதுவே உருவாக்கும். டூல் இல்லாமல் மூன்று முறை, டூல் ஓடும்போது மூன்று முறை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் ஓட்டி, நடுவில் வரும் எண்ணை ஒப்பிடுங்கள். ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டு முடிவு செய்ய வேண்டாம், கிளவுட் சர்வர்களில் எண்கள் ஏறி இறங்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் டூல் எத்தனை வினாடிக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது என்பதைக் கூட்டிப் பாருங்கள்.

8. அலர்ட் கைக்கு வந்து சேர்கிறதா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்துப் பிரதான போஸ்ட்கிரஸ் சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. சர்வர் 9.6 வெர்ஷனில் இருக்க, பேக்கப் எடுக்கும் கட்டளை 9.2 வெர்ஷனில் ஓடித் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கிளம்பியிருந்தன, ஆனால் சரியான கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கம் அவற்றைத் திருப்பிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) இருந்ததால் தப்பித்தார்கள். இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

ஆகவே ட்ரையல் நாட்களில் 4, 5ஆம் பகுதிகளில் விதைத்த கோளாறுகளில் ஒன்றை இரவு பத்து மணிக்கு மேல் விதையுங்கள். அலர்ட் யார் போனுக்கு வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது, செய்தியைப் படித்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்ததா? ஏஜென்டையே நிறுத்தியும் பாருங்கள். கண்காணிப்பு நின்றுவிட்டது என்ற செய்தி வர வேண்டும். திரை பச்சையாகவே இருந்தால் அந்த டூல் ஆபத்தானது.

இரண்டு வாரம் ஓடவிட்டு, வந்த ஒவ்வொரு அலர்ட்டுக்கும் எதிரே "ஏதாவது செய்தோம்" அல்லது "ஒன்றும் செய்யவில்லை" என்று குறித்து வையுங்கள். இரண்டாவது வகைதான் அதிகம் என்றால் எல்லைகளை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் குறையவில்லையென்றால் மூன்றாம் மாதம் எல்லோரும் அந்த அலர்ட்டை மியூட் செய்துவிடுவார்கள்.

9. விலையும் சட்டமும்

விலையில் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். சர்வர் எண்ணிக்கைக்கா, லாக்கின் அளவுக்கா, ஆட்களின் எண்ணிக்கைக்கா என்று கேளுங்கள். லாக் அளவுக்கு என்றால் பிஜிஆடிட் ஓடும் மாதம் பில் எகிறும். பழைய கணக்கை எத்தனை நாள் வைத்திருக்கும் என்பதும் விலையோடு சேர்ந்ததே. மாதக் கடைசியில் மெதுவாகும் குவெரியைப் போன மாதக் கடைசியோடு ஒப்பிட ஏழு நாள் கணக்கு உதவாது, குறைந்தது நாற்பது நாள் வேண்டும்.

இந்தியாவில் நடத்துகிறீர்கள் என்றால் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு உங்களுக்கும் பொருந்தும். பட்டியலிட்ட வகைச் சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. டூலில் முப்பது நாள்தான் லாக் நிற்கும் என்றால் மீதியைச் சேமிக்க நீங்களே வழி செய்ய வேண்டும்.

10. எதை எடுப்பது?

என் கருத்து இது. ஒரே சர்வர், ஐம்பது ஜிபிக்குள் டேட்டா, மூன்று நான்கு பேர் என்றால் பிஜிஹீரோ, வாரம் ஒருமுறை பிஜிபேட்ஜர் அறிக்கை, அளவாகப் போட்ட பிஜிஆடிட், லாக்கை வெளியே அனுப்பும் ஏற்பாடு ஆகியவை போதும். எல்லாமே இலவசம். பிஜிஹீரோ வேகத்தைப் பார்க்கும், பாதுகாப்பைப் பார்க்காது என்பதை மறக்கக்கூடாது. சர்வர்கள் சில ஆகி, மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் கலந்து ஓடி, லினக்ஸ் தெரிந்த ஆள் ஒருவராவது இருந்தால் பெர்கோனாவின் பிஎம்எம் என்ற கண்காணிப்பு டூல் நல்ல தேர்வு. அதற்குத் தனி சர்வர் ஒதுக்க வேண்டும், அதை அப்டேட் செய்து பராமரிக்கவும் வேண்டும். அந்த நேரமும் இல்லை, வருமானம் வருகிறது என்றால் பிஜிஅனலைஸ், டேட்டாடாக் போன்ற கட்டணச் சேவைகளை மேலே சொன்ன சோதனைகளில் ஓடவிட்டுப் பார்த்து வாங்கலாம். கிளவுடில் நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குச் சூப்பர்யூசரும் சர்வரின் கோப்புகளும் கைக்கு வராது என்பதால், டூல் அந்தச் சேவைக்கு ஒத்துவருமா என்று முதல் நாளே பாருங்கள்.

தேர்ந்தெடுக்காத டூல்களை அன்றைக்கே சுத்தமாக எடுத்துவிடுங்கள். ட்ரையலுக்காக உருவாக்கிய ரோல்கள் வருடக்கணக்கில் மறந்து கிடப்பது மிகச் சாதாரணம். ஒவ்வொரு டேட்டாபேஸிலும் டிராப் ஓன்ட் கொடுத்து உரிமைகளை நீக்கிவிட்டு, பிறகு டிராப் ரோல் கொடுங்கள். ஃபயர்வாலில் திறந்த வரியை மூடுங்கள். அனுப்பிய விவரங்களை அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதி, அழித்ததாகப் பதில் வாங்கி வையுங்கள். டூலோடு வந்த எக்ஸ்டென்ஷனை எடுக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் ஷேர்ட்_பிரீலோட்_லைப்ரரீஸ் வரியிலிருந்து பெயரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகே பேக்கேஜை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் போஸ்ட்கிரஸ் அந்த லைப்ரரியைத் தேடிக் கிடைக்காமல் கிளம்பவே கிளம்பாது.